அறுந்த இடத்திலிருந்து தொடர வழி வேண்டும்: கோத்தகிரியிலிருந்து ஒரு திறந்த மடல்

நீலகிரி மாவட்டத்து மக்களிடமிருந்து இணையவழியாகக் கோப்புகளைப் பெறும் அலுவலகங்கள், கூட்டுறவு அமைப்புகள், கல்வி நிறுவனங்கள் ஆகியவற்றின் கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும், அவற்றுக்காக வலைத்தளங்களை உருவாக்கித் தரும் மென்பொருள் வல்லுநர்களுக்கும்,

வணக்கம்.

கோத்தகிரியில் 17 ஆண்டுகளாகச் சிறிய கணினி மையம் ஒன்றை நடத்தி வருகிறேன். தட்டச்சு, ஜெராக்ஸ், லேமினேஷன் என்று தொடங்கிய கடைக்கு இப்போது வருகிறவர்களில் பாதிப்பேர், ஏதாவது ஓர் அலுவலகத்துக்கு ஏதாவது ஒரு கோப்பை அனுப்பித் தரச் சொல்லித்தான் வருகிறார்கள். கட்டபெட்டு, அரவேனு, சோலூர்மட்டம், கீழ்கோத்தகிரி என்று சுற்றுவட்டாரம் முழுவதிலிருந்தும், பட்டாவையும் சிட்டாவையும் வங்கிப் புத்தகத்தையும் நனையாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றி எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருந்து வந்து சேர்கிறவர்கள் அவர்கள். அந்தத் தாள்களைக் கோப்புகளாக்கி உங்கள் சர்வர் வரை கொண்டு சேர்ப்பது என் தொழில். அந்தத் தொழிலில் நான் அன்றாடம் முட்டி நிற்கிற ஒரு சுவரைப் பற்றியே இந்த மடலை எழுதுகிறேன்: பதிவேற்றம் பாதியில் அறுந்தால், விட்ட இடத்திலிருந்து தொடர உங்கள் தளங்களில் வழி இல்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். எந்த அலுவலகம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. இந்தக் குறை ஓர் அலுவலகத்தோடு நிற்பதில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் மாதம், 60 சிறு தேயிலை விவசாயிகள் சேர்ந்த ஒரு குழு மானியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பட்டா, சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், தோட்டத்தில் நின்று எடுத்த புகைப்படம் என்று ஆளுக்குச் சுமார் 8 எம்.பி. வந்தது. எல்லாவற்றையும் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டிக் கடைசி நாள் மாலை 5 மணிக்குள் ஏற்ற வேண்டும் என்பது நிபந்தனை. கோப்பின் அளவு 480 எம்.பி. கடைசி நாள் வரை ஏன் காத்திருந்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கூட்டுப் பட்டாவில் பெயர்த் திருத்தம் முடிந்து தாள் கைக்கு வந்ததே அன்று காலையில்தான்.

குழுவின் செயலாளரான பெண்மணி மதியச் சாப்பாட்டு நேரத்துக்கே வந்து என் எதிரில் உட்கார்ந்துவிட்டார். வெளியே வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருந்தது. காற்று கற்பூர மரங்களை வளைத்து ஆட்டிக்கொண்டிருந்தது. அன்று என் இணைப்பில் மேலே ஏற்றும் வேகம் விநாடிக்கு 2 மெகாபிட் அளவில் இருந்தது (8 மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு எம்.பி.); அந்த வேகத்தில் 480 எம்.பி. ஏற 32 நிமிடம் ஆகும். முதல் முறை 41 சதவீதத்தில் லைன் போனது. இரண்டாம் முறை 17 சதவீதத்தில் போனது. மூன்றாம் முறை 60 சதவீதத்தை எட்டியபோது, ஏற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே, உள்நுழைந்து 20 நிமிடம் ஆகிவிட்டது, அமர்வு காலாவதியானது என்று சொல்லி வலைத்தளமே எங்களை வெளியேற்றியது. அதனால் நான்காம் முறை, அதே தளத்தை இன்னொரு டேபில் திறந்து வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ரெஃப்ரெஷ் செய்து அமர்வை உயிரோடு வைத்திருந்தோம். இடையிடையே லைன் திரும்பி வருவதற்குக் காத்திருந்த நேரமும் சேர்ந்து, மணி ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

“எத்தனையில நிக்குதுண்ணா?” என்று அவர் கேட்டார்.

“தொண்ணூத்தி மூணும்மா. இன்னும் ரெண்டே நிமிஷம்” என்றேன்.

சொல்லி வாய் மூடுவதற்குள் மோடத்தில், லைன் அறுந்ததைக் காட்டும் எல்.ஓ.எஸ். என்று எழுதியிருக்கும் விளக்கு சிவப்பாக மின்னத் தொடங்கியது. சாலையோரம் கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டியிருந்த ஃபைபர் கேபிளின் மேல் மரக்கிளை விழுந்திருந்தது. அப்போது மணி 4.50. கைப்பேசியின் டேட்டாவில் இணைத்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம். மழையில் அது மெல்ல நகர்ந்து 12 சதவீதத்தை எட்டியபோது மணி ஐந்தாகி, வலைப்பக்கத்தில் இருந்த பதிவேற்றும் பொத்தான் மறைந்துபோனது.

480 எம்.பி.யில் 446 எம்.பி. உங்கள் வாசல் வரை வந்துவிட்டது. மீதி 34 எம்.பி. ஏறுவதற்கு இரண்டேகால் நிமிடம் போதும். கைப்பேசி டேட்டாவின் மெதுவான வேகத்தில்கூட அந்தப் பத்து நிமிடத்துக்குள் அது முடிந்திருக்கும். நான்கு முயற்சிகளிலும் சேர்த்து என் கடையிலிருந்து கிளம்பியது 1,000 எம்.பி.க்கும் மேல், அதாவது கோப்பைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆனாலும் கோப்பு சேரவில்லை என்றே பதிவானது. மறுநாள் காலை அந்தப் பெண்மணி பென் டிரைவை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் அலுவலகத்துக்கே போனார். அங்கிருந்தவர்கள் அவரை மரியாதையாகத்தான் நடத்தினார்கள். நேரில் பெறுவதற்குத் தங்களுக்கு அதிகாரம் இல்லை, இணையம் வழியாக மட்டுமே ஏற்க முடியும் என்று சொன்னார்கள். அந்த ஆண்டு 60 பேருக்கும் மானியம் இல்லை.

இதை நான் மழையின் குற்றமாகவோ, லைன் கொடுத்த நிறுவனத்தின் குற்றமாகவோ கருதவில்லை. நீலகிரியில் லைன் அறுவது இயல்பு. மேற்கே கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று கொட்டித் தீர்க்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் பெய்ததை நாம் மறக்கவில்லை. கிழக்கே குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவக்காற்றின் முறை வருகிறது. 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் சாலைகளே இல்லாமல் போயின. ஆண்டின் பெரும்பகுதி ஏதாவது ஒரு சரிவில் மரம் சாய்ந்துகொண்டும் மின்சாரம் போய்க்கொண்டும்தான் இருக்கும். அறாத லைன் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அறும் என்பதை ஏற்றுக்கொண்டு கட்டப்பட்ட தளம் வேண்டும் என்று கேட்கிறேன்.

இதில் உள்ள கணக்கைத் தயவுசெய்து பொறுமையாகப் பாருங்கள். லைன் சராசரியாக 20 நிமிடத்துக்கு ஒரு முறை, முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி அறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 32 நிமிடம் எடுக்கும் கோப்பு ஒரே மூச்சில் ஏறுவதற்கான வாய்ப்பு ஐந்தில் ஒன்று. ஒவ்வொரு முறை அறும்போதும் முதலிலிருந்து தொடங்கினால், அது ஏறி முடியச் சராசரியாக 79 நிமிடம் ஆகும். லைன் திரும்பி வரக் காத்திருக்கும் நேரம் இதில் சேரவில்லை. கோப்பின் அளவு இரட்டிப்பானால் நேரம் இரட்டிப்பாகும் என்று தோன்றும். அப்படி ஆவதில்லை. 960 எம்.பி. கோப்புக்குச் சராசரி 470 நிமிடம், ஏறத்தாழ 8 மணி நேரம். மூன்று மடங்கானால், அதாவது 1,440 எம்.பி. என்றால், 40 மணி நேரம். விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமானால் இதே மூன்று கோப்புகளுக்கும் ஆகும் நேரம் 32 நிமிடம், 64 நிமிடம், 96 நிமிடம் மட்டுமே. லைன் அதேதான், வேகமும் அதேதான். மாறுவது தளம் நடந்துகொள்ளும் முறை ஒன்றுதான்.

இதே கணக்கை, நாளுக்கு ஒரு முறை மட்டும் லைன் அறும் ஒரு நகரத்து அலுவலகத்துக்குப் போட்டுப் பாருங்கள். 32 நிமிடக் கோப்பு முதலிலிருந்து தொடங்கும் முறையிலும் சராசரியாக 32 நிமிடத்துச் சொச்சத்தில் ஏறிவிடும். இரண்டு முறைகளுக்கும் இடையே அரை நிமிட வேறுபாடுகூட வராது. உங்கள் வல்லுநர்கள் தளத்தைச் சோதித்த இடத்தில் இந்தக் குறை அவர்கள் கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லை என்பது எனக்குப் புரிகிறது. அதனால்தான் குறை சொல்வதற்கு முன்பாகக் கணக்கைச் சொல்கிறேன்.

கோப்புகளை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் நெறிமுறைகளை எழுதியவர்கள், லைன் அறும் என்பதை ஆரம்பத்திலிருந்தே அறிந்திருந்தார்கள். எஃப்.டி.பி. என்று நாம் சொல்லும் கோப்புப் பரிமாற்ற நெறிமுறையின் முதல் வடிவத்தை 1971 ஏப்ரலில், இணைய நெறிமுறைகளை எண்ணிட்டு வெளியிடும் ஆர்.எஃப்.சி. வரிசையில் 114 என்ற ஆவணமாக எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் படித்து, பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் போனவர். இன்றைய இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் ஒன்றுக்கொன்று ஒத்துவராத கணினிகள் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ள ஒரு பொது மொழி வேண்டும் என்பதற்காக அவர் எழுதிய அந்த ஆவணத்தை, நம் நாட்டிலிருந்து போன ஒரு மாணவர் எழுதியது என்ற பெருமிதத்தோடுதான் நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். அது பல திருத்தங்களைக் கண்டு, 1985 அக்டோபரில் ஜான் போஸ்டெலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் எழுதிய ஆர்.எஃப்.சி. 959 ஆக நிலைபெற்றபோது, அறுந்த பரிமாற்றத்தை மறுபடி தொடங்குவதற்கென்றே அதில் ஒரு கட்டளை இருந்தது. தொலைபேசி மோடம் வழியாகக் கோப்பு அனுப்பிய காலத்தில் வார்ட் கிறிஸ்டென்சன் 1977இல் எழுதிய எக்ஸ்மோடம், கோப்பை 128 பைட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ‘சரியாக வந்தது’ அல்லது ‘மறுபடி அனுப்பு’ என்ற பதிலை வாங்கிக்கொண்டுதான் அடுத்த துண்டை அனுப்பியது. 1986இல் சக் ஃபோர்ஸ்பெர்க் எழுதிய இசட்மோடம், அறுந்துபோன கோப்பை அறுந்த இடத்திலிருந்து எடுத்துக்கொண்டது. கரகரக்கிற தொலைபேசிக் கம்பியில் அன்றே முடிந்த காரியம் இது.

பிறகு வலைத்தளம் வந்தது. 1995 நவம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 1867, வலைப்பக்கத்துப் படிவத்தில் கோப்பைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் வழியைத் தந்தது. ‘கோப்பைத் தேர்வு செய்க’ என்று உங்கள் பக்கங்களில் இன்று இருக்கும் பொத்தான் அதன் வழி வந்ததுதான். மிக எளிய வழி. அதனாலேயே உலகம் முழுவதும் பரவியது. ஆனால் அந்த வழியில் கோப்பு ஒரே கோரிக்கையாக, ஒரே மூச்சில் போக வேண்டும். நடுவில் அறுந்தால் சர்வர் அதுவரை வாங்கியதைத் தூக்கி எறிந்துவிடும். வலைத்தளங்களும் பிரவுசர்களும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான ஹெச்.டி.டி.பி.யின் 1997இல் வந்த 1.1 பதிப்பு, பதிவிறக்கத்துக்கு மட்டும் ‘இந்த பைட்டிலிருந்து கொடு’ என்று கேட்கும் வசதியைத் தந்தது. ஒரு பெரிய மென்பொருளை இறக்கும்போது பாதியில் நின்றாலும் தொடர முடிகிறதே, அது இதனால்தான். இறக்குகிறவருக்குக் கிடைத்த வசதி ஏற்றுகிறவருக்குக் கிடைக்கவில்லை. மக்களுக்கும் அலுவலகங்களுக்கும் இடையிலான உறவில் ஏற்றுகிறவர்கள் பெரும்பாலும் மக்கள்தான் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் பழைய எஃப்.டி.பி.க்கே போய்விடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். சில இடங்களில் இன்றும் அதைத்தான் தருகிறார்கள். அதை நான் மனமார எதிர்க்கிறேன். எஃப்.டி.பி.யில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே எழுத்தெழுத்தாகப் போகின்றன. வழியில் ஒரு பொது வைஃபையில் ஒட்டுக்கேட்கிறவர் எவரும் அவற்றைப் படித்துக்கொள்ளலாம். ஃபின்லாந்தில் தாத்து யுலோனென் தன் பல்கலைக்கழக வலையமைப்பில் நடந்த இத்தகைய கடவுச்சொல் திருட்டுக்குப் பிறகுதான் 1995இல் எஸ்.எஸ்.ஹெச். என்ற பாதுகாப்பான முறையை எழுதினார், கோப்புகளைப் பாதுகாப்பாக அனுப்பும் எஸ்.எஃப்.டி.பி. அதன் மேல் அமைந்தது. ஒரு முகமை எனக்கு எஃப்.டி.பி. முகவரி ஒன்றைக் கொடுத்தபோது, எல்லோருக்கும் ஒரே பயனர் பெயர், ஒரே கடவுச்சொல் என்று கொடுத்திருந்தது. உள்ளே நுழைந்ததும் வேறு பலருடைய கோப்புறைகள், ஆதார் படங்கள் உட்பட, என் திரையில் வரிசையாக விரிந்தன. பதறிப்போய் மூடிவிட்டேன். அன்றே அவர்களுக்கு எழுதினேன். அதோடு, அவர்கள் அனுப்பிய வழிகாட்டித் தாளில் ‘பிரவுசரில் இந்த முகவரியைத் தட்டவும்’ என்று இருந்தது. ஃபயர்பாக்ஸும் குரோமும் 2021லேயே எஃப்.டி.பி.யை நீக்கிவிட்டன, எழுதிய தாளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. எஃப்.டி.பி. கட்டளைக்கு ஓர் இணைப்பும் கோப்புக்கு வேறோர் இணைப்பும் வைத்துக்கொள்கிறது. பழைய முறையில் இரண்டாவது இணைப்பை சர்வர்தான் நம் கணினியை நோக்கித் திறக்க வேண்டும். கைப்பேசி நிறுவனத்தின் பொது முகவரிக்குப் பின்னால் ஆயிரக்கணக்கானவர்களோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும் என் கணினியை அது எப்படித் தேடி வரும்? வராது.

தேவையான வழி ஏற்கெனவே இருக்கிறது. பெரிய கோப்புகளை அடிக்கடி அனுப்பும் நில அளவையாளர்கள், அச்சகங்கள் போன்றவர்களுக்கு ஆளுக்கொரு தனிக் கணக்கோடு எஸ்.எஃப்.டி.பி. தரலாம், அறுந்த ஏற்றத்தைத் தொடரும் கட்டளை அதன் வழக்கமான மென்பொருள்களிலேயே உள்ளது. ஆண்டுக்கு ஒரு முறை விண்ணப்பிக்க வரும் விவசாயிக்கு வலைப்பக்கம்தான் சரி. அதில் டஸ் என்ற திறந்த நெறிமுறையைப் போன்ற ஒன்றைப் பொருத்தினால் போதும். அது செயல்படும் விதத்தை, கணினி அறியாத உயர் அலுவலர்களும் இதைப் படிக்கலாம் என்பதால், எங்கள் ஊர் வழியில் சொல்கிறேன். பச்சைத் தேயிலை எடை போடும் இடத்தில் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து, ஒவ்வொன்றின் எடையையும் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். ஏழு மூட்டை முடிந்தபோது மழை வந்து எல்லோரும் ஒதுங்கினால், மழை விட்டதும் எட்டாவது மூட்டையிலிருந்துதான் தொடங்குவார்கள். ஏழையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து நிறுப்பவர் எவரும் இல்லை. டஸ் முறையில் முதலில் நம் கணினி, ‘இத்தனை பைட் கொண்ட ஒரு கோப்பு வருகிறது’ என்று சொல்லி ஒரு தனி முகவரியைப் பெறுகிறது. பிறகு கோப்பை அந்த முகவரிக்கு அனுப்புகிறது. லைன் அறுந்து திரும்பி வந்ததும், ‘எதுவரை வந்திருக்கிறது?’ என்று அதே முகவரியைக் கேட்கிறது. 446 எம்.பி. என்று பதில் வந்தால், அதற்கு அடுத்த பைட்டிலிருந்து அனுப்புகிறது. 5 எம்.பி. துண்டுகளாக அனுப்பினால், அன்று எனக்கிருந்த வேகத்தில் ஒரு துண்டுக்கு 20 விநாடி. எப்போது அறுந்தாலும் வீணாவது அந்த 20 விநாடிதான்.

பாதிக் கோப்பை அடையாளம் காண, கோப்பின் பெயரை நம்பாதீர்கள் என்றும் வேண்டிக்கொள்கிறேன். தமிழில் பெயரிட்ட கோப்புகளை ஏற்றும்போது வெறும் கேள்விக்குறிகளாக மாறிப்போனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் குறிக்கும் யுனிகோடின் யு.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும்; ‘கோத்தகிரி’ என்ற ஐந்தெழுத்துப் பெயரில் 9 குறியீடுகள், 27 பைட். பல சர்வர்களில் கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது என்பதால், ஊர், பெயர், சர்வே எண், நாள் என்று நீட்டிச் செல்லும் நம் பெயர்கள் எளிதில் இடித்துக்கொள்ளும். அதற்கும் மேல், ‘கோ’வில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று. சர்வருக்கு இரண்டும் வேறு வேறு பெயர். தனி முகவரி கொடுக்கும் முறையில் இந்தத் தொல்லை எழுவதே இல்லை.

தொடரும் வசதி வந்துவிட்டால், முழுதாகச் சேர்ந்ததா என்று சரிபார்க்கும் வசதியும் கூடவே வர வேண்டும். துண்டு துண்டாகச் சேர்த்துத் தைத்த கோப்பு, மூலக் கோப்புதானா என்று யாராவது பார்த்தாக வேண்டும். எஃப்.டி.பி. காலத்தில் இதில் நானே ஒரு முறை அடிபட்டிருக்கிறேன். அந்த நெறிமுறையில் எழுத்துக் கோப்புக்கு ஒரு முறையும், படம், ஜிப் போன்றவற்றுக்கு வேறு முறையும் உண்டு. எழுத்து முறையில் அனுப்பினால் வரி முடிவைக் குறிக்கும் பைட்டுகளை இந்தக் கணினிக்கு ஏற்றபடி, அந்தக் கணினிக்கு ஏற்றபடி என்று வழியிலேயே மாற்றிவிடும். ஒரு பள்ளியின் மாணவர் புகைப்படங்களைத் தவறுதலாக அந்த முறையில் அனுப்பிவிட்டேன். ‘226, பரிமாற்றம் முடிந்தது’ என்று சர்வர் பதில் சொன்னது. நானும் நிம்மதியாகக் கடையை மூடினேன். இரண்டு வாரம் கழித்து ஒரு படமும் திறக்கவில்லை என்று செய்தி வந்தது. அனுப்பியது வந்து சேர்ந்தது என்பதற்கும், அனுப்பியதே வந்து சேர்ந்தது என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அன்று கற்றேன்.

எஸ்.ஹெச்.ஏ.-256 என்ற கணக்கீடு, எந்தக் கோப்பையும் 64 எழுத்து கொண்ட ஓர் அடையாளமாகச் சுருக்கித் தருகிறது. கோப்பில் ஒரே ஒரு பைட் மாறினாலும் அடையாளம் முற்றிலும் வேறாகிவிடும். விண்டோஸோடு வரும் ‘சர்ட்யூட்டில்’ (certutil) என்ற கட்டளையே இதைக் கணக்கிட்டுவிடும், லினக்ஸிலும் உண்டு. உங்கள் ஒப்புகைச் சீட்டில் ‘தங்கள் கோப்பு பெறப்பட்டது’ என்ற வரிக்குக் கீழே, நீங்கள் பெற்ற கோப்பின் அளவையும் இந்த 64 எழுத்தையும் அச்சிடுங்கள். நான் என் கணினியில் உள்ளதோடு ஒப்பிட்டு, அதே நிமிடத்தில் விண்ணப்பதாரரிடம் ‘போய்ச் சேர்ந்துவிட்டது, வீட்டுக்குப் போங்கள்’ என்று சொல்ல முடியும். இப்போது அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

இதே 64 எழுத்தை வைத்துக் கடைசி நேரச் சிக்கலையும் தீர்க்கலாம் என்பது என் யோசனை. இதை நீங்கள் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். கெடு முடிவதற்குள் விண்ணப்பதாரர் தன் கோப்பின் அளவையும் அடையாளத்தையும் மட்டும் பதிவு செய்யட்டும். ஒரு சாதாரண ஆங்கிலக் குறுஞ்செய்தியில் 160 எழுத்து அடங்கும். எவ்வளவு மோசமான லைனிலும் அது போய்விடும். கோப்பை அதன் பிறகு 24 மணி நேரத்துக்குள் ஏற்றலாம் என்று விதி வையுங்கள். வந்து சேரும் கோப்பின் அடையாளம், முன்பே பதிவானதோடு ஒத்துப்போனால், கெடு முடிந்த பிறகு ஓர் எழுத்தைக்கூட அவர் மாற்றவில்லை என்பது உறுதியாகிவிடும். கெடு என்ற ஒழுங்கும் குலையாது, மலையில் இருப்பவருக்கு இழப்பும் வராது.

எனக்கு இதுவரை சொல்லப்பட்ட பதில்களையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கோப்பைச் சிறிதாக்கி அனுப்புங்கள் என்கிறார்கள். சிறிதாக்கினோம், பழைய பட்டாவில் சர்வே எண்ணின் உட்பிரிவு மங்கி, ‘ஆவணம் தெளிவாக இல்லை’ என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. ஏதாவது ஒரு டிரைவில் ஏற்றி இணைப்பை மின்னஞ்சலில் அனுப்புங்கள் என்கிறார்கள். 60 பேருடைய ஆதாரையும் வங்கிக் கணக்கு எண்ணையும் என் சொந்தக் கணக்கில் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை, விருப்பமும் இல்லை. தளத்தைச் செய்தது வெளி நிறுவனம், எங்கள் கையில் எதுவும் இல்லை என்கிறார்கள். இந்தப் பதில் உண்மை என்றே நம்புகிறேன். அதனால்தான் அடுத்த ஒப்பந்தம் எழுதும்போதே இந்த நிபந்தனையைச் சேர்க்கும்படி கேட்கிறேன்: 50 எம்.பி.க்கு மேற்பட்ட எந்தப் பதிவேற்றமும் அறுந்த இடத்திலிருந்து தொடர வேண்டும். ஏற்றம் நடக்கும்போது அமர்வு காலாவதியாகக் கூடாது. ஒப்புகையில் கோப்பின் அடையாளம் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இதற்கு மூன்று வரிக்கு மேல் ஆகாது.

நிறைவேறியதா என்று அறிய ஆய்வுக் குழு எதுவும் தேவையில்லை. ஒரு பெரிய கோப்பை ஏற்றத் தொடங்குங்கள். 40 சதவீதம் வந்ததும் மோடத்திலிருந்து கேபிளைப் பிடுங்குங்கள். பத்து நிமிடம் கழித்து, அதே கேபிளைச் செருகாமல், கைப்பேசியின் டேட்டாவில் இணையுங்கள். ஏற்றம் 40இலிருந்து தொடர்ந்தால் தளம் தேறியது. நகரத்தில் செய்து பார்த்த பிறகு, மழைக்காலத்தில் ஒரு பிற்பகல் கோத்தகிரிக்கு வந்தும் செய்து பாருங்கள். அன்றைய ஜிப் கோப்பின் அளவிலேயே, யாருடைய விவரமும் இல்லாத வெற்றுத் தாள்களை ஸ்கேன் செய்து, 480 எம்.பி. கோப்பு ஒன்றைத் தயாராக வைத்திருக்கிறேன். அந்தக் குழுவின் செயலாளரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
கோத்தகிரியில் கணினி மையம் நடத்தும் ஒருவர்